மிதப்புடல், எழுவுடல்: ஈருடல் விசைப்படகுகளுக்கான கலைச்சொற்கள்

அன்புடையீர்,

நாம் தொகுத்துவரும் கலைச்சொற்பட்டியலுக்காக, ஈருடல் விசைப்படகுகளின் (நீரில் மிதக்கும் இரண்டு உடல்களை, அதாவது ‘ஹல்’களை, ஒரு தளத்தால் இணைத்த கேட்டமரான் படகுகளின்) உடலமைப்பைக் குறிக்க ‘நீர்விலக்குடல்’, ‘அரைநீர்விலக்குடல்’, ‘சறுக்குடல்’ என்னும் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முறையே டிஸ்ப்ளேஸ்மென்ட், செமி-டிஸ்ப்ளேஸ்மென்ட், பிளேனிங் ஆகியவற்றுக்கு நேராக இவை ஆக்கப்பட்டிருக்கின்றன. படகு ஓடும்போது அதன் எடையை எது தாங்குகிறது என்பதே இம்மூன்று வகைகளையும் பிரிக்கிறது. முன்வைக்கப்பட்ட சொற்கள் அதைச் சொல்லாததால், அவற்றை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

நின்றுகொண்டிருக்கும் எந்தப் படகும் தன் எடைக்கு ஈடான நீரை விலக்கியே மிதக்கிறது. ஆகவே நீரை விலக்குவது ஒரு வகைக்கு மட்டும் உரிய பண்பன்று. முதல் வகையில் ஓட்டத்தின்போதும் முழு எடையையும் மிதப்புவிசையே தாங்குகிறது. மூன்றாம் வகையில், வேகம் கூடக்கூட அடிப்பகுதியில் மோதும் நீர் படகை மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு எழுந்து நீர்ப்பரப்பின்மேல் ஓட, எடையின் பெரும்பங்கை அந்தத் தள்ளுவிசையே ஏற்றுக்கொள்கிறது. இடைப்பட்ட வகையில் இவ்விரு விசைகளும் எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பங்கு வேகத்தோடு மாறிக்கொண்டே இருப்பதால் ‘அரை’ என்னும் முன்னொட்டு இல்லாத ஓர் அளவைக் காட்டிவிடுகிறது. எனவே மிதப்புடல், மிதந்தெழுவுடல், எழுவுடல் என்னும் வரிசையைப் பரிந்துரைக்கிறேன். எழு என்னும் வினையடியோடு உடல் சேர்ந்த வினைத்தொகை ‘எழுவுடல்’. வகரம் உடம்படுமெய்யாக வந்துள்ளது. ‘சறுக்குடல்’ என்பதில் பொருளைவிட ஒலியே எனக்கு இடையூறாக இருக்கிறது: வரி முறியும் இடத்தில் ‘குடல்’ தனியே நிற்கும், சறுக்குதல் என்றால் தவறி விழுவதும் நினைவுக்கு வரும்.

மிதப்புடல் என்றாலே மெதுவான படகு என்று இப்பட்டியல் பற்றிய ஒரு மடலில் எழுதப்பட்டிருந்தது. ஓருடல் படகுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் அளக்கும் நீளம்) 9 மீட்டர் உள்ள படகு மணிக்கு ஏறத்தாழ 7.3 கடல்மைல் வேகத்தை, அதாவது வேகத்தைப் படகின் நீளத்தோடு ஒப்பிடும் ஃபுரூடு எண் 0.4 என்னும் நிலையை, எட்டும்போது, தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் பின்புறம் அமிழ்ந்துவிடுகிறது. அதற்கு மேல் எந்திரத்தின் ஆற்றலை எவ்வளவு கூட்டினாலும் வேகம் சிறிதே கூடும். ஆனால் ஈருடல் படகில் நிலைப்புத்தன்மை இரண்டு உடல்களுக்கும் இடையிலுள்ள தொலைவிலிருந்து கிடைப்பதால், ஒவ்வோர் உடலையும் அகலத்தைப்போல் பத்து மடங்கு நீளமுள்ளதாக ஒடுக்கிவிட முடிகிறது. அப்படி ஒடுங்கிய உடல் எழுப்பும் அலை சிறியது. ஆகவே மிதப்புடலாக இருந்துகொண்டே அந்த வேகத் தடையைக் கடந்துவிடுகிறது. ஈருடல் அமைப்பின் தனிச்சிறப்பே இதுதான் என்பேன். ‘மெதுவுடல்’ போன்ற மாற்றுச் சொற்களை விலக்க இதுவே போதுமான காரணம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு உடல்களின் நனைபரப்பு கூடுதலாக இருப்பதால் குறைந்த வேகத்தில் உராய்வுத்தடை மிகுதி. எடையேற்றத்தையும் இவை எளிதில் பொறுப்பதில்லை. ஒரே நீளமுள்ள இரு படகுகளில் ஓருடலின் நீர்க்கோட்டுப் பரப்பு 20 சதுர மீட்டர், ஈருடலின் மொத்தப் பரப்பு 12 சதுர மீட்டர் என்று கொள்வோம். கடல்நீரில் முன்னது 1 செ.மீ. அமிழ ஏறத்தாழ 205 கிலோ தேவை. பின்னதற்கு 123 கிலோவே போதும். அரை டன் ஏற்றினால் ஓருடல் இரண்டரை செ.மீ. அளவே இறங்க, ஈருடல் நான்கு செ.மீ. இறங்கும், இரு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடிப்புறமும் அதே அளவு அலைக்கு அருகில் வந்துவிடும். அந்தத் தளத்துக்கு ‘பாலத்தளம்’ என்பதைவிட ‘இணைப்புத்தளம்’ தெளிவானது. ‘இணைதளம்’ என்று சுருக்க வேண்டாம், இணையதளத்தோடு குழம்பிவிடும்.

அடுத்து, ‘சமச்சீரற்ற உடல்’ என்னும் சொல். எது எதனோடு சீராக இல்லை என்பதை அது காட்டவில்லை. வலப்புற உடலும் இடப்புற உடலும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை என்று படிப்பவர் எண்ண இடமிருக்கிறது. உண்மையில் அவை ஒன்றின் கண்ணாடி உருவமாகவே மற்றொன்று அமைந்தவை. ஒவ்வொன்றிலும் உட்பக்கச் சுவர் நேராக நிற்க, வெளிப்பக்கம் மட்டும் சரிந்து நீரை வெளியே தள்ளுகிறது. அதனால் இரு உடல்களுக்கும் நடுவிலுள்ள இடைவழியில் அலை குறைவாகவே எழுகிறது. சமச்சீர் உடல்களோ இருபுறமும் அலை எழுப்புகின்றன. உட்புற அலைகள் இரண்டும் சந்தித்துக் குவியும் என்பதால் இடைவழியை அகலமாக வைக்க வேண்டியிருக்கிறது. மறுபுறம், உட்சுவர் நேரான உடல் ஒவ்வொன்றின்மீதும் ஒரு பக்கவாட்டு விசை இருந்துகொண்டே இருக்கும்; இரண்டும் நீரில் சமமாகப் படியும்வரை ஒன்றையொன்று ஈடுசெய்யும், பக்கவாட்டு அலையில் ஓர் உடல் மேலெழுந்தால் படகு திசை விலக முனையும். உட்சுவர் நேரான இவ்வகை உடலை ‘உள்நேருடல்’ என்று அழைக்கலாம். சமச்சீர் உடல் என்பது அப்படியே இருக்கட்டும்.

‘அலைபிளவுடல்’ என்பதை நான்காவது வகையாகச் சேர்க்கும் யோசனையை ஏற்க இயலவில்லை. 1990-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து, அதை மிக விரைவாகக் கடக்கும் பயணிகள் கப்பலுக்குரிய ஹேல்ஸ் கோப்பையை வென்ற ‘ஹோவர்ஸ்பீடு கிரேட் பிரிட்டன்’ என்னும் 74 மீட்டர் கப்பல் இந்த அமைப்புடையது. அலைமீது ஏறாமல் அதனூடே புகும்படி ஒடுக்கப்பட்டிருப்பது அதன் அணியமே (முன்முனையே). எடையைத் தாங்கும் முறையில் அது மிதப்புவிசையைச் சார்ந்ததுதான். ஆதலால் ‘அலையூடுருவணியம்’ என்று முன்முனைக்குப் பெயரிட்டு, அணிய வகைகளின்கீழ் பதிவு செய்யலாம்.

‘மிதந்தெழுவுடல்’ நீளமாக இருப்பதை உணர்கிறேன். அதே பொருளை விடாமல் சுருங்கிய சொல் ஒன்றை எவரேனும் தந்தால் மகிழ்வோடு ஏற்பேன். மற்ற இரண்டையும் இப்போதே பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.