சிம்ஃபனி எக்ஸின் முதல் ஆல்பம் உங்கள் காதில் எப்போது விழுந்தது?

அமெரிக்க மெட்டல் பேண்டான சிம்ஃபனி எக்ஸின் ரசிகர்களில் பெரும்பாலோர் மூன்றாவது ஆல்பத்திலோ அதற்குப் பிறகோ உள்ளே வந்தவர்கள். நானும் அப்படித்தான். ரஸ்ஸல் ஆலன் குரல் வழியாகத்தான் இந்த பேண்டே எனக்குத் தெரியும். பிறகு பின்னோக்கிப் போய் 1994 ஆல்பத்தைப் போட்டால், பாடுகிறவர் வேறு ஆள்: ராட் டைலர். இரண்டு பாட்டிலேயே மூடி வைத்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பேண்ட் உருவான விதமே அலாதி. நியூ ஜெர்சிக்காரரான கிட்டாரிஸ்ட் மைக்கேல் ரோமியோவின் டெமோ கேசட் ஜப்பானில் கவனிக்கப்பட்டது. 1994இல் பேஸுக்கு தாமஸ் மில்லர், கீபோர்டுக்கு மைக்கேல் பின்னெல்லா, டிரம்ஸுக்கு ஜேசன் ருல்லோ, பாட டைலர் என்று ஐந்து பேரும் சேர்ந்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே பேண்டின் பெயரிலேயே ஆல்பம் வந்துவிட்டது, அதுவும் ஜப்பானில், ஜீரோ கார்ப்பரேஷன் வெளியீடாக. அமெரிக்காவில் கிரஞ்ச் (நிர்வானா மாதிரியான கரடுமுரடான ராக்) கொடிகட்டிப் பறந்த நேரம் அது. நீளமான கிட்டார் சோலோவை அங்கே யாரும் சீண்டவில்லை. ஜப்பானில் மெலடியான மெட்டலுக்கு ஆள் இருந்தது. 1993இல் வந்த பிரேசில் பேண்ட் ஆங்ராவின் முதல் ஆல்பத்தையும் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்கள் அவர்கள்தான்.

உங்களுக்கு இந்த ஆல்பம் எப்படி வந்து சேர்ந்தது? சொல்லுங்கள்.

*

நான் கிட்டார் வாசிக்கிறவன். எனக்கு இது 'மாஸ்கரேட்' வழியாக வந்தது. அந்தப் பாட்டை ஆலனை வைத்து 1998இல் மறுபடி பதிவு செய்து ஒரு தொகுப்பில் போட்டார்கள். அதைத்தான் முதலில் கேட்டேன். மூலப் பாட்டு முதல் ஆல்பத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் தேடிப் பிடித்தேன்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆலன் வரிகளை அடித்தொண்டையிலிருந்து அழுத்திப் பாடுவார். டைலர் குரல் மெலிது, மேல் ஸ்தாயியில் சற்றே நடுங்கும். ஆனால் அடியில் ஓடும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) அதேதான். பின்னால் நாம் 'ரோமியோ பாணி' என்று சொல்கிற எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஹார்மோனிக் மைனர் ஸ்கேல் (நம் கீரவாணிதான், அதனாலோ என்னவோ நம் காதுக்கு உடனே ஒட்டிக்கொள்கிறது), ஸ்வீப்பில் (பிக்கை ஒரே இழுப்பில் கம்பிகள்மேல் ஓட்டுவது) கீழிருந்து மேலே ஏறி, உச்சியில் வலது கை விரலால் ஒரு தட்டு, பிறகு வந்த வழியே இறக்கம். வாசித்துப் பார்த்தால்தான் தெரியும், வேகம் பெரிய சிரமமே இல்லை. விட்டுவந்த கம்பி பின்னால் முனகாமல் இடது கை அடக்க வேண்டும், அங்கேதான் உயிர் போகும். முதல் ஆல்பத்திலேயே அவர் கையில் அந்தச் சுத்தம் இருக்கிறது.

*

கீபோர்டுக்காகக் கேட்கும் கட்சி நான். பவர் மெட்டலில் (வேகமும் மெலடியும் கலந்த மெட்டல் வகை) கீபோர்டை வெறும் பின்னணிப் போர்வையாக விரித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. பின்னெல்லா அப்படியில்லை. கிட்டார் ஓடும் அதே வரியை ஸ்வரம் பிசகாமல் கூடவே ஓடுவார், திடீரென்று பிரிந்து பதில் சொல்வார். என்னைக் கட்டிப்போட்டது கடைசிப் பாட்டு, 'எ லெசன் பிஃபோர் டையிங்'. 12 நிமிடத்துக்கு மேல். முதல் ஆல்பத்திலேயே இவ்வளவு நீளமான பாட்டைத் துணிந்து வைத்திருக்கிறார்களே என்று வியந்தேன். மூன்றாவது ஆல்பத்தில் 20 நிமிடம் தாண்டும் பாட்டுக்கு ஒத்திகை இங்கேயே நடந்துவிட்டது என்பேன்.

*

ஒலிப்பதிவு பற்றி யாருமே சொல்லவில்லையே? டிரம்ஸில் கனம் இல்லை, பேஸ் பல இடங்களில் அமுங்கிப்போகிறது. பாட்டுகள் பிடிக்கும், ஆனால் நல்ல ஸ்பீக்கரில் போட்டால் குறை பளிச்சென்று தெரிகிறது.

*

தொடங்கியவன் மறுபடியும். ஒலி பற்றி நீங்கள் சொல்வது சரிதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஹெட்ஃபோனில் கேளுங்கள். மில்லர் கிட்டாரைப் பின்தொடராமல் தனி வரி வாசிக்கும் இடங்கள் அதில்தான் பிடிபடும்.

டைலர் விஷயத்தில் மட்டும் என் பேச்சை மாற்ற மாட்டேன். 1995இல் இரண்டாவது ஆல்பம் வந்தபோது அவர் இடத்தில் ஆலன் வந்துவிட்டார், அதற்குப் பிறகு டைலரை ஒப்பிட்டுத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவர் பாடியபோது ஒப்பிட ஆளே கிடையாது. புதிதாகக் கேட்கிறவர்கள் இந்த ஆல்பத்தையும் 1995 ஆல்பத்தையும் ஒரே மூச்சில், வந்த வரிசையிலேயே கேளுங்கள். 1998 'மாஸ்கரேட்' அதற்குப் பிறகு.