மரத்தாலான நத்தார்ச் சோடனை: ஒன்று செய்ய உண்மையில் எவ்வளவு செலவு முடிகிறது? (அனுபவப் பகிர்வு)

கொட்டாஞ்சேனையிலிருந்து

செலவென்று வந்தால் எல்லாரும் பலகை விலையில்தான் தொடங்குகிறார்கள். 4 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு, 3 அடி நீளமான மகோகனித் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். பாண்ட் சோவில் (மெல்லிய பட்டை வாள் ஓடும் இயந்திரம்) பிளந்தால் வெட்டுக்கு 1 மி.மீ. அளவுதான் தூளாகும், இழைத்து முடிய 6 மி.மீ. தகடு மூன்று கிடைக்கும். சர்க்குலர் சோ (வட்ட வாள்) வெட்டுக்கு 3 மி.மீ. தின்னும், இரண்டு தகடுதான் மிஞ்சும். மரக்காலையில் பிளந்து தரச் சொல்லும்போது எந்த வாளில் என்று கட்டாயம் கேளுங்கள்.

3 அங்குலச் சோடனையைக் கால் அங்குல இடைவெளியில் அடுக்கினால் தகட்டுக்கு 11, மூன்றிலும் 33. கணு, வெடிப்புப் போக 25ஐ நம்பலாம். ஒரு பேச்சுக்குப் பலகை 1000 ரூபாய் என்றால் ஒன்றுக்கு 40 ரூபாய்.

இனி நேரம். வெட்ட 2 நிமிடம், தேய்க்க 5, துளையிட்டுக் கயிறு கோக்க 1, நிறமும் லாக்கரும் (மேலே அடிக்கும் மினுக்கப் பூச்சு) 3, பெட்டியில் போட 1. மொத்தம் 12. நாட்சம்பளம் 4000, வேலை 8 மணித்தியாலம் என்று வைத்தால் அந்த 12 நிமிடம் 100 ரூபாய். சேண்ட்பேப்பர், நிறம், லாக்கருக்கு 20, கயிறு பெட்டிக்கு 25 சேர்த்தால் 185. பத்தில் ஒன்று கழிபட்டால் 185ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 206. பலகையை மட்டும் பார்த்து 100 ரூபாய்க்கு விற்கிறவர் தன் உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறார்.

வத்தளையிலிருந்து

கணக்கு சரி. அந்த 5 நிமிடத் தேய்ப்பில்தான் கை வைக்க வேண்டும். தட்டையான முகத்தை வெட்டுவதற்கு முன்னரே, முழுத் தகடாக இருக்கும்போது 120, பிறகு 180 இலக்கச் சேண்ட்பேப்பரால் (இலக்கம் கூடக் கூட மென்மை) தேய்த்துவிடுங்கள். வெட்டிய பிறகு ஓரம் மட்டும்தான் மிச்சம். நிறம் பூசப் போகிற துண்டுக்கு 240 தேவையில்லை. முதல் சீலருக்கு (லாக்கருக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பிறகு நார் எழும்பும், அப்போது 320ஆல் ஒரு தடவை போதும்.

வடிவமும் காசுதான். உள்மூலை ஒவ்வொன்றும் சேண்ட்பேப்பரை மடித்து விரலால் தேய்க்கிற இடம். மணி, மீன், பேரிக்காய் வடிவங்களுக்கு உள்மூலை குறைவு. பனிச்செதில் வடிவத்தைக் கையால் செய்தால் விலை கட்டாது.

தெஹிவளையிலிருந்து

நட்சத்திரம் செய்கிறவர்கள் நார் ஓடும் திசையைப் பாருங்கள். மேல்முனையை நாரோடு நிறுத்தினால் கீழ்முனை இரண்டும் 36 பாகை சாய்வில் தாங்கும். பக்கத்துக் கைகள் இரண்டும் 72 பாகையில், ஏறக்குறைய நாருக்குக் குறுக்கே வரும். உடைவது அவைதான், அதுவும் தேய்க்கிற நேரத்தில், கூலி ஏறிய பிறகு. ஆகவே நட்சத்திரத்துக்கு, நார் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய 3 மி.மீ. பிளைவூட்தான் நல்லது. 8க்கு 4 அடித் தாளில் அதே இடைவெளியில் 29க்கு 14, அதாவது 406 துண்டு விழும். நான்கு பிளைவூட் துண்டுகளை இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் சேர்த்து ஸ்க்ரோல் சோவில் (வளைவு வெட்டும் மெல்லிய வாள் இயந்திரம்) ஒரே வெட்டாக எடுக்கலாம். அதற்கு மேல் அடுக்கினால் வாள் வளைந்து அடித்துண்டின் உருவம் மாறிவிடும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) விலை குறைவுதான், ஆனால் கொழும்புக் காற்றில் ஓரம் ஊதிவிடும்.

துளை 3 மி.மீ., விளிம்பிலிருந்து 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அடியில் கழிவுப் பலகை வைத்துத் துளையுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் பிய்ந்துவிடும்.

மொரட்டுவையிலிருந்து

லாக்கர் வெள்ளை பூப்பதுபற்றி யாரும் எழுதவில்லை. நாங்கள் வேலை செய்கிற ஒக்டோபர், நவம்பரில்தான் கொழும்பில் பின்னேர மழை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. பால் போல ஒரு படலம் வரும். முழுத் தட்டும் திரும்பத் தேய்ப்பென்றால் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 5 நிமிடம், மேலே போட்ட கணக்கில் 40 ரூபாய்க்கு மேல். காலை 10 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் அடியுங்கள், அல்லது லாக்கரில் கொஞ்சம் ரிட்டார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலவுங்கள். பூத்த பிறகும் உலர்ந்த நாளில் தின்னரை மட்டும் மெல்லிய தூறலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். உடனே சேண்ட்பேப்பரைத் தூக்க வேண்டாம். தேக்கு எண்ணெய்ப் பசை உள்ளது, சீலருக்கு முன் தின்னரால் துடைக்காவிட்டால் உரியும்.

கிராண்ட்பாஸிலிருந்து

பலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகை எடுப்பவர்களுக்கு: முத்திரையில் HT என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் நின்றது. MB என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை அடித்தது, தொடாதீர்கள். இனாமாகக் கிடைத்தாலும் ஆணி பிடுங்குகிற நேரத்தை எழுதிவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆணி ஒரு வாளை முடித்துவிடும்.

வெள்ளவத்தையிலிருந்து

கடைக்குக் கொடுக்கிறவர்கள் கமிஷன் கணக்கில் விடுகிற பிழை ஒன்று. கையில் 250 ரூபாய் வர வேண்டும், கடை 30 வீதம் எடுக்கிறது என்றால் 1.3ஆல் பெருக்கி 325 போடுகிறார்கள். 325இல் 30 வீதம் 97.50, கைக்கு 227.50தான் வரும். 0.7ஆல் வகுத்தால் 357, அதுதான் சரியான விலை. மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம்: 100 வாட் ஸ்க்ரோல் சோ 5 மணித்தியாலம் ஓடினால் அரை யூனிட்தான்.

வத்தளையிலிருந்து

வெளிநாட்டில் உள்ள சொந்தங்களுக்கு அனுப்ப ஓடர் எடுத்தால் மரத்தை முதலில் நன்றாகக் காயவிடுங்கள். கனடாவில், லண்டனில் மாரியில் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் காற்று மிகவும் வரண்டிருக்கும். இங்கே பொருந்தியிருந்த ஒட்டு அங்கே விரியும். அவுஸ்திரேலியாவுக்கு என்றால் மரப்பட்டை ஒட்டிய துண்டோ பூச்சித் துளையோ ஒன்றுகூட இருக்கக் கூடாது, எல்லையில் நிறுத்திவிடுவார்கள். ரப்பர் மரப் பலகையில் பூச்சி சுலபமாக ஏறும், போரன் (பூச்சி தடுக்கும் மருந்து) ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள்.