கலோரி ஆப்: ஒரே சாதத்துக்கு 260-ம் காட்டுது, 710-ம் காட்டுது. எதை நம்புறது?

ஈரோட்டுக்காரி
வணக்கம்ங்க. ஆறு வாரமா ஒரு கலோரி ஆப்ல சாப்பிடறதை எல்லாம் விடாம எழுதிட்டு வர்றேன். ஒரு நாளும் 1500-ஐத் தாண்டலை. ஆரம்பிச்சப்போ எடை 71.4, இன்னைக்குக் காலைல 71.2. சமையலறைத் தராசு வாங்கிச் சாதத்தைக்கூட நிறுத்துத்தான் சாப்பிடறேன்.

குழப்பம் என்னன்னா, எதைத் தேடினாலும் பத்துப் பதிவு வருது, பத்தும் பத்து விதம். 200 கிராம் சாதத்துக்கு 260, 400, 710. நடுவுல இருக்கறதுதான் நியாயமா இருக்கும்னு 400-ஐ எடுத்துக்கிட்டேன். பீன்ஸ் பொரியல் ஒரு கப் 35-ல இருந்து 140 வரைக்கும். பால் 200 மில்லிக்கு 84, 122, 174. முதல்ல வந்த 84-ஐத்தான் தினம் ரெண்டு தடவை போடறேன். கடை முறுக்கு 50 கிராம் 155. எது சரின்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? ஆப்பை மாத்தணுமா?

பழையசோறு
எங்க பாட்டி எந்த ஆப்பும் இல்லாம 88 வயசு வரைக்கும் இருந்தாங்க.

ஈரோட்டுக்காரி
உங்க பாட்டி கம்ப்யூட்டர் முன்னாடி ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்களா சகோ?

படிக்கல்
ஆப்பை மாத்த வேண்டாம் மேடம். மூணு சோதனை சொல்றேன்.

முதல்ல சாதம். 260-ம் 710-ம் ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் சொன்ன கணக்கு இல்லை, ரெண்டும் வேற வேற பொருள். அரிசி 100 கிராம் சுமார் 355 கலோரி. வெந்தா ரெண்டரை, மூணு மடங்கு எடை ஏறும். ஏறினது முழுக்கத் தண்ணி. அதனால சாதம் 100 கிராம் 120, 130-தான். 710 பச்சரிசியோ புழுங்கலோ, வேகாத அரிசிக்கான கணக்கு. 400 எதுக்கும் இல்லை! நீங்க தினம் 150 கலோரி கூடவே எழுதிட்டு வந்திருக்கீங்க.

ரெண்டாவது 4-4-9. புரதம் ஒரு கிராம் 4 கலோரி, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. 19-ஆம் நூற்றாண்டு கடைசியில ஆட்வாட்டர்ங்கிற அமெரிக்கர் ஆய்வு பண்ணிக் கொடுத்தது, இன்னைக்கும் லேபிள் எல்லாம் இதை வச்சுத்தான் போடறாங்க. நீங்க எழுதின முறுக்குப் பதிவைத் திறந்து உள்ளே பாருங்க. என் ஆப்ல வர்ற ஒண்ணுல 100 கிராமுக்குப் புரதம் 8, மாவு 58, கொழுப்பு 28, கலோரி 310-ன்னு இருக்கு. 32 + 232 + 252 = 516. தனக்குள்ளேயே ஒத்துப்போகாத பதிவு. யாரோ ஒருத்தர் பாக்கெட்ல ஒரு வரியை 100 கிராமுக்கும் இன்னொரு வரியை ஒரு பரிமாறலுக்கும் பார்த்து ஏத்தியிருப்பார். சரிபார்த்த பதிவுன்னு ஆப் பச்சை டிக் போட்டிருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. நார்ச்சத்து நிறைய இருக்கற பொருள்ல கொஞ்சம் முன்னே பின்னே வரும் (நாருக்கு 2 போட்டாப் போதும்); 310-க்கும் 516-க்கும் நடுவுல இருக்கற பள்ளத்தை நாரை வச்சு மூட முடியாது.

மூணாவது, 100 கிராமுக்கு 900-க்கு மேல எது காட்டினாலும் கண்ணை மூடிக்கிட்டு ஒதுக்குங்க. சுத்த நெய்யே 900-தான்.

மெல்போர்ன்_மணி
அந்த 900 விஷயம் எனக்கு நேர்ல நடந்தது. இங்கே பாக்கெட்ல கிலோஜூல்தான் போடுவாங்க. 2050 கிலோஜூல் பிஸ்கட்டை எவனோ 2050 கலோரின்னு ஏத்திட்டான். நாலு பிஸ்கட்ல அன்னைக்குக் கோட்டா முடிஞ்சு ராத்திரி பட்டினி கிடந்தேன். 4.184-ஆல வகுக்கணும்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

சுகர்_கணக்கு
கேள்விக்குள்ள கேள்வி, மன்னிக்கணும். எனக்கு கலோரியை விட மாவுச்சத்துதான் முக்கியம். நம்பகமான அட்டவணை ஏதாவது இருக்கா?

படிக்கல்
ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை. 528 உணவுப் பொருள், நாடு முழுக்க மாதிரி எடுத்துச் சோதிச்சது. அதுல ஆற்றல் கிலோஜூல்லதான் இருக்கும், மணி சொன்ன மாதிரி வகுத்துக்கோங்க. மாவுச்சத்துல நார் சேர்க்காமத்தான் போட்டிருப்பாங்க. அமெரிக்க லேபிள்ல நாரும் சேர்ந்திருக்கும். ரெண்டுலயும் நாரைக் கழிச்சீங்கன்னா ஒண்ணுல தப்பு வரும். அப்புறம் அது மூலப்பொருள் அட்டவணை. துவரம்பருப்பு கிடைக்கும், சாம்பார் கிடைக்காது.

அடுப்படி_அக்கா
சாம்பாருக்கு நான் வழி சொல்றேன் ஈரோட்டுத் தங்கச்சி. காலிப் பாத்திரத்தை ஒரு தடவை நிறுத்து எழுதி வச்சுக்கோ. போடற பருப்பு, காய், எண்ணெயை எல்லாம் வேகறதுக்கு முன்னாடியே நிறு. எங்க வீட்டுல பருப்பு 100 கிராம் ஒரு 340, காய் ஒரு 100, எண்ணெய் 28 கிராம் 250, புளி வகையறா 20. ஆக 710. இறக்கினதும் பாத்திரத்தோட நிறுத்துப் பாத்திர எடையைக் கழிச்சா சாம்பார் 1400 கிராம். 100 கிராமுக்கு 50 கலோரி, அவ்வளவுதான். ஆப்ல "என் சமையல்"னு சேமிச்சுட்டா அடுத்த வாரம் தேடவே வேண்டாம்.

ஆனா உன் பொரியல் 35-ஐப் பார்த்துத்தான் சிரிச்சேன். அது வெறும் வேகவச்ச பீன்ஸ். தேங்காயும் தாளிப்பும் எங்கே போச்சு? பால் எந்தப் பாக்கெட்? அந்த 84 ஒரு சதம் கொழுப்புள்ள அமெரிக்கப் பால். ஆவின் ஆரஞ்சுன்னா 6 சதம் கொழுப்பு, உனக்கு 174-தான் சரி. நீலம்னா 3 சதம், 116 பக்கம் வரும்.

ஒண்ணு கேட்கறேன், உண்மையைச் சொல்லு: வீட்டுல எத்தனை பேர், மாசத்துக்கு எண்ணெய் எவ்வளவு வாங்கறீங்க?

ஈரோட்டுக்காரி
ஆரஞ்சுதான் அக்கா. நாலு பேர், நாலு லிட்டர். நெய் தனி.

அடுப்படி_அக்கா
லிட்டர் 910 கிராம், கலோரி 8200 பக்கம். நாலு லிட்டர் 32,800. நாலு பேர், 30 நாள்னு வகுத்தா ஆளுக்குத் தினம் 273. பொரிச்சு மிச்சம் கொட்டினதைக் கழிச்சாலும் 200-க்குக் குறையாது. உன் ஆப்ல எண்ணெய்னு தினம் எவ்வளவு எழுதியிருக்கே?

ஈரோட்டுக்காரி
40. தோசைக்கு மட்டும். 😐

படிக்கல்
இப்போ கூட்டிப் பாருங்க. பால்ல 180 விட்டுப் போச்சு, முறுக்குல 100, எண்ணெய்ல 160-க்குக் குறையாம. சாதத்துல 150 கூட எழுதியிருக்கீங்க. ஆக 1500-ன்னு நினைச்சது கிட்டத்தட்ட 1800. சாதத்தை மட்டும் திருத்திட்டு மத்ததை விட்டிருந்தா, கணக்குல 150 இடம் கிடைச்சுதேன்னு இன்னும் ஒரு கரண்டி போட்டிருப்பீங்க!

அதுக்காக பத்து இருபது கலோரிக்கெல்லாம் தலையை உடைச்சுக்காதீங்க. அமெரிக்க விதியிலேயே லேபிள்ல போட்டதை விட நிஜக் கலோரி 20 சதம் வரைக்கும் கூட இருக்க இடம் உண்டு. தினம் சாப்பிடற பத்துப் பொருளை மட்டும் சரிபண்ணிச் சேமிங்க. எப்பவோ சாப்பிடற ஹோட்டல் பரோட்டாவுக்குக் கிடைக்கறதுல பெரிய எண்ணை எழுதிட்டுப் போயிடுங்க.

ஈரோட்டுக்காரி
நாலு வாரம் கழிச்சு வர்றேன். பதிவு எல்லாத்தையும் அழிச்சுட்டு 14 பொருளை நானே ஏத்தினேன். பால் நீலத்துக்கு மாறிடுச்சு. பொரியல் நிறுத்துப் பார்த்ததுல ஒரு கப் 130. இன்னைக்கு எடை 70.1.

குக்கர், வாணலி, சாம்பார்ச் சட்டி எல்லாத்துக்கும் அடியில எடையை மார்க்கர்ல எழுதி வச்சிருந்தேன். பழைய பாத்திரக்காரனுக்குப் போடத்தான் நிறுத்து வச்சிருக்கேன்னு மாமியார் ரெண்டு நாளா என்கிட்ட சரியாப் பேசலைங்க.