மகளின் ஆடிஷன் படம்: பிரிண்ட் போட்டால் முகம் கறுக்கிறது, உச்சந்தலை வெட்டுப்படுகிறது. உதவி தேவை

தெப்பக்குளத்தான்

வணக்கம். மகளுக்கு எட்டு வயது. பள்ளி நாடகத்தில் அவளைப் பார்த்த ஒருவர் சொல்லி, சென்னையில் ஒரு படத்துக்கான குழந்தைகள் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. "முகம் நல்லாத் தெரியிற மாதிரி ரெண்டு மூணு போட்டோ, பிரிண்டா கொண்டு வாங்க" என்றார்கள்.

மைத்துனரிடம் நல்ல கேமரா இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு மொட்டை மாடியில், வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். போனில் பார்த்தபோது அவ்வளவு அழகு. நடிகர்களுக்கு 8க்கு 10 அங்குலம்தான் சரியான அளவு என்று எங்கோ படித்திருந்தேன். அதே அளவில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு பிரிண்ட் கொடுத்தேன்.

வந்ததைப் பார்த்தால் முகம் சாயங்காலம் ஆறரை மணிக்கு எடுத்தது போல இருக்கிறது. உச்சியில் கட்டியிருந்த ரிப்பன் பாதிதான் இருக்கிறது. புருவமும் இமையும் தண்ணீர் பட்ட பென்சில் கோடு மாதிரி கசங்கியிருக்கின்றன.

திரும்பப் போய்ச் சொன்னேன். "கலர் பண்ணித் தரேன் சார்" என்று உட்கார்ந்தார்கள். இந்த முறை மாநிறப் பிள்ளைக்குச் சுண்ணாம்பு அடித்தது போல வந்தது. இடது கன்னத்தில் இருக்கும் மச்சத்தையும் காணோம். என் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருடா இது, கூடப் படிக்கிற பிள்ளையா?" என்று கேட்டார்.

கேமரா தப்பா, ஸ்டுடியோ தப்பா, நான் கேட்டது தப்பா? பளபளப்பு பேப்பரா, மேட்டா? எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மினிலேப் மாமா

சார், இருபது வருடமாக போட்டோ பிரிண்ட் போடுகிற மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். பதில் சொல்லும் முன் மூன்று கேள்வி. ஸ்டுடியோவுக்குக் கொடுத்த ஃபைல் உங்களுக்கு எப்படி வந்தது? அதன் அளவு எத்தனை பிக்ஸல்? (எம்.பி. வேண்டாம், பிக்ஸல்.) போனில் பார்த்தபோது வெளிச்சத்தை எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

தெப்பக்குளத்தான்

மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இப்போது பார்த்தேன், 1066க்கு 1600 என்று காட்டுகிறது. வெளிச்சம் எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். வெயிலில் அலைகிற வேலை.

மினிலேப் மாமா

சரி, நீங்கள் சொன்னதில் மூன்று கோளாறு கலந்து கிடக்கிறது. தனித்தனியாகப் பிரித்தால்தான் சரிசெய்ய முடியும்.

கசங்கல்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும். 1066 பிக்ஸலை 8 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 133 பிக்ஸல்தான் கிடைக்கும். கையில் பிடித்துப் பார்க்கிற படத்துக்கு 300 இருந்தால் நல்லது, அதாவது அகலம் 2400. கல்யாண மேடைக் கூட்டப் படத்தில் 133 என்பது குறையாகத் தெரியாது. குழந்தை முகத்தில் இமை முடி வரைக்கும் அந்தக் குறை தெரியும். மைத்துனரிடம் மெமரி கார்டில் இருக்கிற அசல் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவசரத்துக்கு வாட்ஸ்அப்தான் வழி என்றால் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது.

ரிப்பன்: உங்கள் படம் 2க்கு 3 வாகு, அதாவது அகலம் 2 பங்கு என்றால் உயரம் 3 பங்கு. 8 அங்குல அகலத்தை நிரப்பினால் உயரம் 12 அங்குலம் வரும். நீங்கள் கேட்டது 10. மிச்சம் 2 அங்குலம் எங்கே போகும்? மெஷினை அதன் போக்கில் விட்டால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வெட்டிவிடும். 8க்கு 12 கேட்டிருந்தால் ரிப்பன் பிழைத்திருக்கும்.

கறுப்பு: இதில் பாதிப் பங்கு உங்கள் போனுக்கு. முழு வெளிச்சத்தில் எந்தப் படமும் பிரகாசமாகத்தான் இருக்கும், காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மீதிப் பங்கு அந்த வெள்ளைச் சுவருக்கு. படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமராவும் இருட்டாக்கும், எங்கள் மெஷினில் ஆட்டோ கரெக்‌ஷன் போட்டிருந்தால் அதுவும் தன் பங்குக்கு இருட்டாக்கும். சுவர் சாம்பலாக வந்தால் போகட்டும். முகமும் கூடவே இறங்கிவிடுகிறதே.

அந்த ஸ்டுடியோக்காரரை ரொம்பத் திட்ட வேண்டாம். பத்தில் எட்டுப் பேர் "கொஞ்சம் கலராக்குங்க" என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். கை அதற்குப் பழகிவிட்டது.

கோவை கண்ணன்

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? இந்தக் காலத்தில் யார் பிரிண்ட் பார்க்கிறார்கள்? போனில் நாலு படம் அனுப்பினால் முடிந்தது.

வடபழனி உதவி

கண்ணன் சார், முதல் வடிகட்டல் போனில்தான் நடக்கிறது, சரி. நேரில் கூப்பிடும் நாள் வேறு. ஒரே நாளில் எழுபது எண்பது பிள்ளைகள் வருவார்கள். சாயங்காலம் டைரக்டர் உட்கார்ந்ததும் படங்களை மேஜையில் பரப்பி, அம்மா வேடத்துக்கு யோசிப்பவரின் படத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். மூக்கு ஒத்துப்போகிறதா, நிறம் ஒத்துப்போகிறதா என்று. அதைப் போனில் செய்வது சிரமம். நான் உதவி இயக்குநர், இந்த அடுக்கும் வேலை எனக்குத்தான் வரும்.

தெப்பக்குளத்தான் அண்ணே, 8க்கு 10 என்பது அமெரிக்க வழக்கம். அங்கே நடிகர் விவரம் எழுதிய தாளையும் அதே அளவுக்கு வெட்டிப் படத்தின் முதுகில் பின் அடிப்பார்கள். இங்கே யாரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. 6க்கு 8 இருந்தாலே போதும், அட்டை ஃபைலில் அடங்கும்.

மூன்று படம் கொடுங்கள். தோளுக்கு மேல் ஒன்று, இடுப்பு வரை ஒன்று, செருப்போடு முழு உயரம் ஒன்று. கேமரா அவள் கண் மட்டத்தில் இருக்கட்டும், பெரியவர்கள் நின்றபடி எடுத்தால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். ஜிகினா கவுன், லிப்ஸ்டிக், கன்னத்தில் விரல் வைத்த போஸ் எதுவும் வேண்டாம். பல் விழுந்திருந்தால் விழுந்த பல்லோடு சிரிக்கட்டும்.

மச்சத்தைத் திரும்ப வாங்குங்கள். கதவைத் திறந்து உள்ளே வருகிற பிள்ளை படத்தில் இருக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் படத்தால் எங்களுக்கு உபயோகமே இல்லை. போன வருடம் ஒரு பையன் வந்தான், படத்தை வைத்துக்கொண்டு வரிசையில் அவனையே தேடினேன். என் முன்னால்தான் நின்றிருந்தான். நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: இரண்டு வாரத்தில் தானாகப் போகிற கொசுக்கடி, சிராய்ப்பு என்றால் அழித்துக்கொள்ளலாம். கூடவே இருக்கிற மச்சம், தழும்பு, நிறம் எதையும் தொடக் கூடாது.

ரெண்டு பிள்ளை அம்மா

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. படத்தின் பின்னால் பெயர், வயது, உயரம், பேசும் மொழிகள், உங்கள் போன் நம்பர் போதும். வீட்டு முகவரி, பள்ளிப் பெயர் வேண்டாம். சீருடையில் எடுத்த படமும் வேண்டாம், பேட்ஜில் பள்ளிப் பெயர் தெரியும்.

எழுதும்போது கவனம். போட்டோ பேப்பரின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், மை சீக்கிரம் காயாது. நான் ஜெல் பேனாவில் எழுதி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டேன். அடுத்த படத்தில் மகன் நெற்றியில் என் போன் நம்பர் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைகீழாகப் பதிந்திருந்தது. ஒட்டும் லேபிளில் எழுதி ஒட்டுங்கள்.

"பதிவுக் கட்டணம்", "போர்ட்ஃபோலியோ நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தேர்வானாலும் சட்டம் தெரிந்திருக்கட்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தி, 2017இல் விதிகள் கொண்டுவந்தார்கள். அதன்படி தயாரிப்புத் தரப்பு மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

தெப்பக்குளத்தான்

எல்லோருக்கும் நன்றி. அசல் ஃபைல் வந்துவிட்டது, 4000க்கு 6000. இனி ஸ்டுடியோவில் போய் என்ன சொல்ல வேண்டும்? போன முறை "இருட்டா இருக்கு" என்றதற்குத்தான் சுண்ணாம்பு அடித்தார்கள்.

மினிலேப் மாமா

இப்படிச் சொல்லுங்கள்: "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், முகத்தில் கை வைக்க வேண்டாம், ஃபைலில் இருக்கிறபடியே போடுங்க." அதற்கு முன்னால் மைத்துனரை மூன்று ஃபைல் செய்யச் சொல்லுங்கள். ஒன்று எடுத்தது எடுத்தபடி, ஒன்று கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, ஒன்று இன்னும் கொஞ்சம் கூட்டி. சேமிக்கும்போது நிற வகை (கலர் ஸ்பேஸ்) எஸ்.ஆர்.ஜி.பி. என்று இருக்கட்டும், அடோபி ஆர்.ஜி.பி.யில் கொடுத்தால் பல லேப்களில் நிறம் செத்து வரும். 6க்கு 8 என்றால் வாகு 3க்கு 4, அதனால் வெட்டுவதையும் நீங்களே வீட்டில் வெட்டிக் கொடுங்கள், ரிப்பனுக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு.

மூன்றையும் முதலில் 4க்கு 6இல் போடுங்கள், சின்னச் செலவுதான். கடை டியூப்லைட்டில் முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்தில், மகள் கன்னத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துப் பாருங்கள். எது ஒத்துப்போகிறதோ அந்த ஃபைலை மட்டும் பெரிசாகப் போடுங்கள், அதே கடையில், அதே பேப்பரில்.

பேப்பர் மேட் வாங்குங்கள். பளபளப்பில் கறுப்பு நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு பேர் கை மாறினால் முகம் முழுக்க ரேகைதான்.

தெப்பக்குளத்தான்

முடிந்தது. இரண்டாவது ஃபைல்தான் ஒத்துப்போனது, மூன்றாவதில் நெற்றி வெளுத்துவிட்டது. ஸ்டுடியோவில் "அப்படியே போட்டா டல்லா இருக்கும் சார், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். 6க்கு 8 மேட், மூன்று படமும் இரண்டிரண்டு. புருவத்தில் முடி முடியாக எண்ணலாம். மகள் வாங்கியதும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மச்சம் வந்துருச்சு" என்று பாட்டியிடம் ஓடினாள்.

வடபழனி உதவி

நல்லது அண்ணே. ஆறு மாதத்தில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும், இந்த வயதில் முகம் மாறிக்கொண்டே இருக்கும். உயரத்தை மட்டும் கிளம்பும் முன் ஒரு தடவை அளந்து எழுதுங்கள், எல்லாரும் பழைய அளவையே எழுதி வருகிறார்கள்.

தெப்பக்குளத்தான்

அளந்தாயிற்று, 124 செ.மீ. லேபிளில் 121 என்று எழுதி ஒட்டிவிட்டேன், இப்போது ஆறையும் உரித்துக்கொண்டிருக்கிறேன்.