புதுப்பிப்பு: கொம்பைத் தாண்டிவிட்டோம்

மூன்று மாதத்துக்கு முன் இந்தக் குழுவில் புலம்பியிருந்தேன்: ஐந்து வயது மகள் 247 எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள், ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் மட்டும் விழிக்கிறாள் என்று. வரிசையை விடு, ட, ப, ம-வில் ஆரம்பி என்றீர்கள். சரியான யோசனை. ஒரே வாரத்தில் படம், மடம், பட்டம் எல்லாம் வந்துவிட்டன.

சிக்கல் கொம்பில்தான் (எழுத்துக்கு முன்னால் வரும் ‘ெ’ குறி). ‘தொப்பி’யை “தெ… ஆ… ப்பி” என்று படித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது; இடப்பக்கம் முதலில் நிற்கும் கொம்பின் ஒலி கடைசியில்தானே வருகிறது! பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, கொம்பையும் துணைக்காலையும் (ா) சிவப்பு மையில் எழுதினேன். நடுவில் ‘த’வை அவளே நகர்த்தி வைத்து “தொ” என்றாள். அப்புறம் க, ம, ப என்று மாற்றி மாற்றி விளையாட்டாகிவிட்டது.

‘தம்பி’யில் வரும் ‘பி’யை, ‘தொப்பி’யில் வருவதுபோல் அழுத்திப் படித்ததை நான் திருத்தவேயில்லை. வேகமாகச் சொன்னபோது தானே சரியானது.

ல, ள, ழ இன்னும் குழப்பம்தான். நேற்று பேருந்துப் பலகையில் ‘பல்லாவரம்’ படித்துவிட்டு, “பல்லு வரமாப்பா?” என்றாள்.