ஆக்சிமீட்டரில் 99, ஆனால் மாடி ஏற முடியவில்லை

போன வருடம் இரண்டு மாதமாக எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 99. "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு, வயசாகுது உனக்கு" என்றார் வீட்டுக்காரர். எனக்கு வயது 38! இன்னொரு கூத்து, களைந்து வைத்த அரிசியை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். அப்புறம் எப்படி 99 என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஓடுற பஸ்ல சீட் நிரம்பியிருக்கான்னுதான் அது பார்க்கும். மொத்தம் எத்தனை பஸ் ஓடுதுன்னு அதுக்குத் தெரியாதும்மா" என்றார். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் ஆக்சிஜனுக்கு நாலே நாலு சீட். ஒரு சிவப்பணுவுக்குள் அப்படி ஏறக்குறைய 27 கோடி மூலக்கூறுகள். என் உடம்பில் பாதி பஸ்தான் ஓடியிருக்கிறது. அதை ஈடுகட்டத்தான் இதயம் அப்படி அடித்துக்கொண்டது. அரிசி ஆசைகூட இரும்புச்சத்துக் குறைவால் வருவதுதானாம். எல்லாவற்றுக்கும் மூலம், மாதவிடாயில் அதிகம் போனது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தது என் தப்பு. இரும்பு மாத்திரை, சாப்பாட்டோடு டீ கூடாது. மூன்று மாதத்தில் 11.4.

* * *

அக்கா, என் கதை நேர் எதிர். ஹீமோகுளோபின் 15. விமானத்தில் லடாக்கிலுள்ள லே நகருக்குப் போய் இறங்கிய அன்று ராத்திரி ஆக்சிமீட்டர் 86 காட்டியது. ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் குறைவு. நுரையீரலில் ரத்தத்துக்குள் ஏறுவது குறைந்துவிடுகிறது. பஸ் எல்லாம் இருந்தது, ஸ்டாப்பில் ஆள் இல்லை. இரண்டு நாள் அறையிலேயே படுத்திருந்து 91-க்கு வந்தேன். மூச்சு வேகமானதால் வந்த தேறுதல் அது. சிவப்பணு கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

* * *

ஊட்டியில் எங்கள் சித்தப்பா, குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தார். விடிகாலையில் தலைவலி, வாந்தி. ஆக்சிமீட்டர் 98! சித்தி அதை நம்பாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதால் பிழைத்தார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளுமாம். விரலில் மாட்டும் கருவிக்கு இரண்டும் ஒரே சிவப்பு. ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கரி அடுப்பு இப்போது கொல்லைப்புறத்தில் கிடக்கிறது.