ஊர் வரைபடத்தில் உங்கள் மனசைக் குறித்த அனுபவம் உண்டா?

வரைபடப்பித்தன்:

கொஞ்ச நாளாக ஒரு விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒரு ஊரில் எங்கே பயந்தோம், எங்கே நிம்மதியாக நின்றோம், எந்த முனையில் காரணமே இல்லாமல் வயிற்றைப் பிசைந்தது என்பதையெல்லாம் மக்களே குறித்துத் தர, அதை ஒரு கலைஞர் வரைபடமாக்குவது. இதில் அதிகம் பேசப்படும் கலைஞர் கிறிஸ்டியன் நோல்ட். 2004இல் பயோ மேப்பிங் என்று தொடங்கினார். விரலில் ஒரு சென்சார், கையில் ஜிபிஎஸ். மனசு பதறும்போது லேசாக வியர்க்கும், தோலில் மின்சாரம் பாய்வது மாறும், அது எந்த இடத்தில் நடந்தது என்று பதிவாகும். பொய் கண்டுபிடிக்கும் கருவியிலும் இதே சங்கதிதான். லண்டன் கிரீனிச்சில் 2005-06இல் செய்தார், அப்புறம் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ, இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஸ்டாக்போர்ட். இதிலோ இது போன்ற வேறு எதிலோ நேரில் கலந்துகொண்டவர்கள் எழுதுங்களேன். படித்தது என்னிடமே நிறைய இருக்கிறது, பட்டது வேண்டும்.

பழைய பெட்டி:

சான் பிரான்சிஸ்கோவில் செய்ததில் நான் இருந்தேன். 2007, மிஷன் பகுதி, சதர்ன் எக்ஸ்போஷர் என்ற கலைக்கூடம் நடத்தியது. ஐந்து வாரத்தில் மொத்தம் 98 பேர் நடந்தோம். எனக்குக் கலை, கத்தரிக்காய் எதுவும் தெரியாது, ஆபீஸ் நண்பன் இழுத்துப் போனான். கருவியை மாட்டிவிட்டு, எங்கே வேண்டுமானாலும் சுற்றிவிட்டு வாருங்கள் என்றார்கள், அவ்வளவுதான். சுவரோவியங்கள் இருக்கும் சந்துகள், பழக்கடைகள் என்று சுற்றினேன். திரும்பி வந்ததும் கணினியில் கூகுள் எர்த் மேல் நான் நடந்த பாதையைப் போட்டுக் காட்டினார்கள், கோடு சில இடத்தில் தரையோடு கிடந்தது, சில இடத்தில் மலை மாதிரி எழும்பியிருந்தது. இருட்டான பாலத்தடியில் நான் பயந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன், அங்கே கோடு அசையவே இல்லை. உச்சியில் இருந்தது சாதாரண ஒரு நாற்சந்தி. அங்கே என்ன நடந்தது என்று கேட்டார்கள், ஒன்றுமே இல்லையே என்றேன். திரையையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஞாபகம் வந்தது, எனக்குப் பின்னால் யாரோ போனில் தமிழில் "சாப்பிட்டியா" என்று கேட்டார்கள், திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். ஊரை விட்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது அப்போது. அதைத்தான் அந்த முனைக்குப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

எனக்கு அடுத்து உட்கார்ந்த அம்மாவுக்கும் அதே நாற்சந்தியில் மேடு. அவர் எழுதியது ஒரு கார் இடிக்க வந்ததைப் பற்றி.

உப்புக்கல்:

வெயிலில் வியர்த்தால்? இதைச் சென்னைக்குக் கொண்டுவந்து மே மாசம் நடக்கவிட்டால் ஊர் பூரா எவரெஸ்ட்தான். படியேறினாலும் வியர்க்கும், காரமாகச் சாப்பிட்டாலும் வியர்க்கும். இதை வைத்து மனசை அளந்தேன் என்றால் நம்புவதற்கு ஆள் வேண்டும்.

பழைய பெட்டி:

சரிதான். பயம், சந்தோஷம், படியேறியது, எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதனால்தான் திரும்பி வந்தவர்களை உட்காரவைத்து எழுதச் சொல்கிறார்கள். "எப்படி இருந்தது நடை" என்று சும்மா கேட்டிருந்தால் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த மேடு இருந்ததால் பேச வேண்டியதாயிற்று. அதைத் தாண்டி அந்தக் கருவியை நானும் நம்பவில்லை.

மான்செஸ்டர் மழை:

நான் ஸ்டாக்போர்ட் பக்கம் இருக்கிறேன். இங்கே 2007இல் செய்ததில் நடையோடு, மக்களைக் கையால் படம் வரையவும் சொன்னார்கள். வரைபடத்தைப் பின்னால்தான் பார்த்தேன், ஓவியம் என்று ஒன்றும் பிரமாதமில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை கிறுக்கல் போலத்தான் பாதி. என் விஷயம் வேறு. இந்த ஊரில்தான் மெர்சி நதி தொடங்குகிறது, இரண்டு ஆறு கூடி. தொடங்கிய கையோடு அதைக் கடைவளாகத்துக்கு அடியில் தள்ளி மூடிவிட்டார்கள். 1960களில் கட்டிய மெர்சிவே, பெயரில் மட்டும் நதி. அந்த நதிக்கு மேலே நின்று எத்தனையோ தடவை காய்கறிப் பை தூக்கியிருக்கிறேன், காலுக்குக் கீழே ஓடுவது தெரியவே தெரியாது. அந்தச் சமயத்தில் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தால் நதியை வரைந்திருக்க மாட்டேன். கண்ணில் படாததற்கு என்ன உணர்ச்சி வரும்? இந்த மாதிரி வரைபடத்தில் வெறுமையாக விட்ட இடங்களை முதலில் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கப்பன் பார்க் அக்கா:

நான் சொல்லப்போவதில் வரைபடமே கிடையாது, பரவாயில்லையா? பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா 2003இல் மாணவியாக இருந்தபோது தொடங்கியது பிளாங்க் நாய்ஸ். தெருவில் பெண்கள் படும் சீண்டல் பற்றியது. அதில் மீட் டு ஸ்லீப் என்று ஒன்று, பெண்கள் பொதுப் பூங்காவுக்குப் போய்ப் படுத்துத் தூங்க வேண்டும். கோஷம், பேனர் எதுவும் இல்லை. சும்மா தூக்கம்.

கப்பன் பார்க்கில் போர்வையை விரித்துப் படுத்தேன். படுத்தபின்தான் தெரிந்தது, பைவாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறேன், துப்பட்டாவைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டிருக்கிறேன், யார் நடந்து போனாலும் செருப்புச் சத்தத்தை வைத்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுகிறேன். இதெல்லாம் யாரும் சொல்லித்தந்ததில்லை. பக்கத்தில் படுத்திருந்த பெண் நன்றாகக் குறட்டை விட்டாள், பொறாமையாக இருந்தது. மத்தியானத்தில் பெஞ்சுக்கு ஒரு ஆண் படுத்துத் தூங்கும் பூங்கா அது, அவர்களை ஒருத்தரும் கேட்பதில்லை. எங்களிடம் மட்டும் ஒருவர் வந்து, உடம்பு சரியில்லையாம்மா என்றார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லவில்லை.

பெங்களூரிலேயே எலஹங்கா பகுதியில் பிளாங்க் நாய்ஸ்காரர்களே வேறொன்றும் செய்தார்கள். மாணவிகள் "ரேப்பிஸ்ட் லேன்" என்று பெயர் வைத்துப் பயந்த ஒரு தெருவில் மேசை போட்டு, எதிரெதிரே நாற்காலி போட்டு, டீயும் சமோசாவும் வைத்து, முன்பின் தெரியாத இருவரைப் பேசவைத்தார்கள். அதில் நான் இல்லை.

வரைபடப்பித்தன்:

அக்கா, இதையும் இந்தத் திரியில் சேர்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பெண்கள் பயப்படும் இடங்களை எல்லாம் ஊர் வரைபடத்தில் சிவப்பாகக் குறித்துப் போட்டால் அதுவும் உபயோகம்தானே?

கப்பன் பார்க் அக்கா:

யாருக்குத் தம்பி உபயோகம்? அந்தச் சிவப்பை முதலில் பார்ப்பது என் அப்பாவாக இருக்கும், அப்புறம் என் மாமியார், அப்புறம் ஹாஸ்டல் வார்டன். மூவருமே விளக்குப் போடச் சொல்லி மாநகராட்சிக்கு எழுத மாட்டார்கள், அந்தப் பக்கம் போகாதே என்பார்கள். என் தலைக்குள் ஏற்கெனவே அப்படி ஒரு வரைபடம் இருக்கிறது, அதை அச்சடித்துத் தர ஒரு கலைஞர் வேண்டாம். வெறுமையான இடங்களைப் பற்றி மான்செஸ்டர் மழை சொன்னதை இங்கேயும் கேட்கலாம், ஒரு இடத்தில் சிவப்பே இல்லை என்றால் அது பத்திரமான இடமா, இல்லை பெண்கள் ஒருத்தரும் போகாத இடமா? அது தெரியாமல் கலரை மட்டும் நம்பச் சொன்னால் எப்படி. குறித்தவர்கள் திரும்ப அதே இடத்துக்குச் சேர்ந்து போகிறார்கள் என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.